விருதா அல்ல: உயிர்த்தெழுதல் அன்றாடத்துக்குள் வரும் வழி

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் 'விருதா' என்றொரு சொல் வரும். இன்றைய பேச்சில் அது அநேகமாக இல்லை; 'வீண்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். உழுது விதைத்தும் ஒன்றும் விளையாமல் போனால் அந்த உழைப்பு விருதா. கேட்க ஆளில்லாத இடத்தில் பேசிய பேச்சு விருதா. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரத்தில், மிக முக்கியமான இரண்டு இடங்களில் இந்தச் சொல் நிற்கிறது. "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா" என்பது 14-ஆம் வசனம். அதிகாரம் முடிகிற 58-ஆம் வசனத்தில், கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் 'விருதாவாயிராது' என்கிறார். மூல கிரேக்கத்திலும் இந்த இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். வெறுமையான, உள்ளே ஒன்றும் இல்லாத என்பது அதன் நேர்ப்பொருள்.

முதல் வசனம் பிரசங்கத்தையும் விசுவாசத்தையும் பற்றியது. கடைசி வசனம் பிரயாசத்தைப் பற்றியது, அதாவது உடம்பு வலிக்கச் செய்கிற வேலை. பவுலுக்கு அது வெறும் உவமை இல்லை. கொரிந்து பட்டணத்தில் அவர் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியோடு தங்கிக் கூடாரம் செய்யும் தொழிலில் கூலிக்கு உழைத்தவர். ஈஸ்டர் என்றதும் நமக்குச் செத்தபிறகு என்ன ஆகும் என்ற கேள்விதான் முதலில் வருகிறது. பவுலின் அந்த நீண்ட அதிகாரம் போய்ச் சேரும் இடமோ நாளைக் காலையில் நாம் செய்யப்போகும் வேலை. இந்த இரண்டு வசனங்களையும் இணைக்கும் பாதையைப் புரிந்துகொண்டால், ஈஸ்டர் ஏன் கிறிஸ்தவத்தின் நடுமையம் என்பது புரியும் என்று நான் நம்புகிறேன்.

கொரிந்தில் என்ன சிக்கல்?

கடிதம் எழுதப்பட்டது கி.பி. 55 வாக்கில். இயேசு சிலுவையில் அறையப்பட்டது கி.பி. 30 அல்லது 33 என்று வைத்துக்கொண்டால், இடையில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு. கொரிந்து சபையில் சிலர், மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்று ஒன்று இல்லை எனச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குப் பதிலாக, தான் மற்றவர்களிடமிருந்து பெற்றுக்கொண்ட ஒரு அறிக்கையைப் பவுல் நினைவுபடுத்துகிறார்: கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார், கேபாவுக்கு, அதாவது பேதுருவுக்குத் தரிசனமானார், பிறகு பன்னிருவருக்கு. அப்புறம் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே வேளையில் தரிசனமானார், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று சேர்க்கிறார். சந்தேகம் இருந்தால் போய்க் கேட்டுப் பாருங்கள் என்பதுதான் இதன் தொனி. அந்தப் பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையது. சபையைத் துன்புறுத்தியவன் நான் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறார்.

இது ஒரு சாட்சி. சாட்சியை நம்பலாம், மறுக்கலாம். ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்க முடியாது. பொந்தியு பிலாத்துவின் ஆட்சியில் இயேசு மரணதண்டனை பெற்றதை ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸும் குறிப்பிடுகிறார். இயேசுவின் சீடர்கள் சீக்கிரத்திலேயே, அவரை உயிரோடு கண்டோம் என்று சொல்லத் தொடங்கினார்கள் என்பதும் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்கு மேல் எடுத்து வைக்கும் அடி விசுவாசத்தின் அடி. இதை மறைக்க வேண்டிய தேவை கிறிஸ்தவர்களுக்கு இல்லை.

"அந்தக் காலத்து ஆட்கள் எதையும் நம்பிவிடுவார்கள்" என்று ஒரு பேச்சு உண்டு. சுவிசேஷங்களைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. பெண்கள் கல்லறையிலிருந்து ஓடிவந்து சொன்னபோது, அது அப்போஸ்தலர்களுக்கு 'வீண்பேச்சாக'த் தோன்றியது என்று லூக்கா எழுதுகிறார். இங்கேயும் அந்த 'வீண்' வந்து நிற்கிறது. ஏதென்ஸில் பவுல் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள். பெண்களின் சாட்சியை ஏற்கக் கூடாது என்பதை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் சட்டமாகவே எழுதிவைத்த காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில் நான்கு சுவிசேஷங்களும் வெறுங்கல்லறையின் முதல் சாட்சிகளாகப் பெண்களையே நிறுத்துகின்றன. கதை கட்ட நினைத்தவர்கள் இப்படிக் கட்டியிருக்க மாட்டார்கள் என்பது பலருடைய வாதம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று: யாருடைய பேச்சை உலகம் கணக்கில் எடுக்கவில்லையோ அவர்களிடம்தான் செய்தி முதலில் ஒப்படைக்கப்பட்டது.

பிழைத்து வந்ததும் உயிர்த்தெழுந்ததும்

இயேசு உயிரோடு எழுப்பிய லாசரு நான்கு நாள் கழித்துக் கல்லறையிலிருந்து வெளியே வந்தபோது கைகால்கள் பிரேதச் சீலைகளால் கட்டப்பட்டிருந்தன, முகம் துணியால் சுற்றப்பட்டிருந்தது. அவரைக் கட்டவிழ்த்துவிட மற்றவர்கள் தேவைப்பட்டார்கள். அதே யோவான் சுவிசேஷத்தில், பேதுரு இயேசுவின் கல்லறைக்குள் நுழையும்போது சீலைகள் அங்கேயே கிடக்கின்றன. தலையில் சுற்றியிருந்த துணி தனியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இந்தச் சிறிய வேறுபாட்டில் பெரிய பாடம் ஒளிந்திருக்கிறது. லாசரு பழைய வாழ்வுக்குத் திரும்பி வந்தார், ஆகவே ஒருநாள் மறுபடி மரிக்க வேண்டும். பிரேதச் சீலை அவருக்கு இன்னொரு தடவை தேவைப்படும். இயேசுவுக்கு அது இனி ஒருபோதும் தேவையில்லை. அவர் மரணத்திலிருந்து பின்னால் திரும்பி வரவில்லை, அதன் வழியாகப் போய் மறுபக்கம் வெளியே வந்தார் என்பதுதான் கிறிஸ்தவ நம்பிக்கை.

இன்னொரு குழப்பமும் உண்டு. உடல் ஒரு சிறை, செத்தபின் ஆன்மா விடுதலையாகிப் பறந்துபோகும் என்ற எண்ணம் கிரேக்கச் சிந்தனையில் செல்வாக்காக இருந்தது. ஏதென்ஸில் சிரித்தவர்களுக்கு, உடல் எழும்பும் என்ற பேச்சு நற்செய்தியாகவே கேட்டிருக்காது. தப்பித்து வந்த சிறைக்குள் மறுபடி எதற்குப் போக வேண்டும்? ஆனால் கிறிஸ்தவ விசுவாசப் பிரமாணம் 'சரீரம் உயிர்த்தெழுதலை'த்தான் அறிக்கையிடுகிறது. கடவுள் படைத்த உடலையும் மண்ணையும் அவர் கைவிட்டுவிட மாட்டார் என்பது அதன் பொருள்.

யூதர்களில் பரிசேயர்கள் காலத்தின் முடிவில் எல்லாரும் எழும்புவார்கள் என்று நம்பினார்கள், சதுசேயர்கள் மறுத்தார்கள். வரலாற்றின் நடுவிலேயே ஒருவர் மட்டும் முன்கூட்டி எழும்புவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பவுல் இதை விளக்க வயலிலிருந்து ஒரு சொல்லை எடுக்கிறார்: முதற்பலன். அறுப்பு தொடங்கும்போது முதல் கதிர்க்கட்டை ஆசாரியரிடம் கொண்டுவர வேண்டும், அவர் அதைக் கடவுள்முன் அசைவாட்ட வேண்டும் என்பது லேவியராகமத்தின் கட்டளை. அது யூதரின் பஸ்கா பண்டிகையை ஒட்டி, ஓய்வுநாளுக்கு மறுநாளில் நடப்பது. முதல் கட்டு கைக்கு வந்தது என்றால் வயலில் மீதிக் கதிர்களும் முற்றி நிற்கின்றன என்று பொருள். இயேசுவுக்கு நடந்தது அவருக்கு மட்டும் நடந்த அதிசயம் என்றால், அதை வியந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். முதற்பலன் என்றால் அப்படி நகர முடியாது, நாமும் அந்த வயலில்தான் நிற்கிறோம்.

தழும்பு ஆறியும் மறையவில்லை

1968-இல் எருசலேமின் வடபகுதியில் ஒரு கல்லறைக் குகையைத் தோண்டியபோது, முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எலும்புப் பெட்டி ஒன்று கிடைத்தது. அதற்குள் இருந்த குதிகால் எலும்பில் இரும்பாணி ஒன்று வளைந்தபடி இன்னும் குத்தியிருந்தது. சிலுவையில் கொல்லப்பட்ட மனிதர் அவர். பெட்டியில் பொறித்திருந்த பெயர் யெகோகனான். சிலுவை என்பதை நகையாகவும் அலங்காரமாகவும் பார்த்துப் பழகிய நமக்கு, அந்த எலும்பு ஒரு உண்மையைத் திரும்பச் சொல்கிறது. அது நிஜமான ஆணி, நிஜமான சதை.

சீடர் தோமா கேட்டது அதைத்தான். கைகளில் ஆணிகளின் காயத்தைக் கண்டு, அதில் விரலை இட்டுப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்றார். எட்டு நாள் கழித்து இயேசு வந்தபோது அவரைக் கடிந்து துரத்தவில்லை. இதோ பார் என்று கைகளைக் காட்டினார். மரணத்தை வென்ற உடலில் ஏன் காயங்கள் மிச்சம் இருக்க வேண்டும்? மாசுமறுவற்ற புது உடலாக வந்திருக்கலாமே? நான் பலமுறை யோசித்த கேள்வி இது. காயத்தின் வலி போயிருக்கிறது, காயம் நடந்ததே இல்லை என்று ஆகவில்லை. வஞ்சிக்கப்பட்டவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், நீண்ட நோயிலிருந்து எழுந்தவர் இவர்களிடம் போய் "எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள்" என்று சொல்வதை விசுவாசம் என்று நினைத்துக்கொள்கிறோம். உயிர்த்தெழுந்தவரே தன் தழும்புகளை மறைக்கவில்லை. சீடர்கள் அவரை அடையாளம் கண்டதும் அந்தத் தழும்புகளை வைத்துத்தான்.

மரண வீடுகளில் "அழக்கூடாது, அவர்தான் கர்த்தரிடம் போய்விட்டாரே" என்று சொல்வதையும் அடிக்கடி கேட்டிருக்கிறேன். சொல்பவர்களின் மனம் நல்ல மனம்தான். ஆனால் லாசருவை இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு அந்தக் கல்லறையருகே கண்ணீர் விட்டார். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறார், துக்கிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மகதலேனா மரியாள் அழுதுகொண்டிருந்தபடியால்தான் கல்லறையை விட்டுப் போகாமல் நின்றாள். அழுகையோடு திரும்பியவள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள். "மரியாளே" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகே தெரிந்தது. தமிழில் நாம் 'கல்லறைத் தோட்டம்' என்று சொல்கிறோமே, அந்தச் சேர்க்கையை யார் முதலில் செய்தார்களோ, அந்தக் காலைப்பொழுதை நன்றாகப் படித்தவர்களாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். ஆதிக் கிறிஸ்தவர்களும் இறந்தவர்களைப் புதைத்த இடத்துக்குக் கிரேக்கத்தில் 'துயிலிடம்' என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். துயில்பவர்கள் ஒருநாள் எழுப்பப்படுவார்கள் என்ற எதிர்பார்ப்பு அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

ஈஸ்டர் காலையில் எல்லாரும் பாடும்போது, உள்ளே மகிழ்ச்சி எழாமல் நிற்பவர்களும் உண்டு. அவர்களுக்கு மாற்கு சுவிசேஷத்தைச் சொல்வேன். அதன் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில், பெண்கள் நடுங்கித் திகைத்து ஓடினார்கள், பயந்திருந்தபடியால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு நூல் நின்றுவிடுகிறது. முதல் ஈஸ்டர் அங்கே பயத்தோடு முடிகிறது. அவர்கள் பயந்தார்கள் என்பதால் கல்லறை மறுபடி மூடிக்கொள்ளவில்லை.

கரிநெருப்பு

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான காட்சி யோவான் 21-ஆம் அதிகாரம். இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் கிடைக்காமல் சீடர்கள் திரும்புகிறார்கள். அந்த இரவின் பிரயாசம் விருதா. கரையில் ஒருவர் நிற்கிறார். அவர் சொன்னபடி வலை போட்டதும் 153 மீன்கள். அந்த எண்ணுக்குப் பலர் பல மறைபொருள்களைக் கண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு மீனவரின் பழக்கம்தான் தெரிகிறது; மலைத்துப்போன நேரத்திலும் மீனை எண்ணாமல் இருக்க அவரால் முடியவில்லை.

கரைக்கு வந்தால் கரிநெருப்பு போட்டிருக்கிறது, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். 'கரிநெருப்பு' என்பதற்கான கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டிலேயே இரண்டே இடங்களில் வருகிறது, இரண்டும் யோவானில். முதலாவது, பிரதான ஆசாரியனின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டே "அவருடைய சீடன் நான் அல்ல" என்று மறுதலித்த இடம். இரண்டாவது இந்தக் கரை. அந்தப் புகை வாசனை பேதுருவுக்கு எதையெல்லாம் நினைவுபடுத்தியிருக்கும்! ஆனால் இயேசு உடனே விசாரணையைத் தொடங்கவில்லை. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். சாப்பிட்ட பிறகுதான் கேள்வி. மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை, என்னை நேசிக்கிறாயா? ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் ஒரு பொறுப்பு: என் ஆடுகளைக் கவனித்துக்கொள்.

மரணத்தை வென்றவர் பிலாத்துவின் அரண்மனைக்குப் போய் நின்று காட்டவில்லை. களைத்து வந்தவர்களுக்குக் காலை ஆகாரம் சமைத்தார். குற்றவுணர்வில் ஒடுங்கிப்போன ஒருவனை, அவன் விழுந்த அதே இடத்துக்கு மென்மையாகத் திரும்ப அழைத்துப்போய் எழுப்பினார். மன்னிப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கரிநெருப்பைத்தான் காட்டுவேன். நடந்ததை மூடிமறைக்கவும் இல்லை, அதைச் சொல்லிச் சொல்லிக் குத்தவும் இல்லை. பசியாற்றிவிட்டுப் பேசினார். வீட்டுக்குள் பேச்சு முறிந்துபோன இரண்டு பேருக்கு நடுவே ஒருவர் முதலில் ஒரு தட்டை நகர்த்திவைப்பதுகூட இந்த வழியில் வருவதுதான்.

வேலைநாளில் வந்த ஞாயிறு

ஈஸ்டர் வருடத்துக்கு ஒருமுறை வருவது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறுமே ஒரு சிறிய ஈஸ்டர்தான். ரஷ்ய மொழியில் ஞாயிற்றுக்கிழமையின் பெயருக்கே உயிர்த்தெழுதல் என்று பொருள். முதல் கிறிஸ்தவர்களுக்கு அது விடுமுறையும் இல்லை. ரோமப் பேரரசில் ஞாயிறை ஓய்வுநாளாக கான்ஸ்டன்டைன் அறிவித்தது 321-இல்தான். அதற்கு முன்பு, கி.பி. 112 வாக்கில், இளைய பிளினி என்ற ரோம ஆளுநர் பேரரசருக்கு அனுப்பிய கடிதத்தில், இவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன்னே கூடி கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றிப் பாடுகிறார்கள் என்று குறிப்பிட்டார். பொழுது விடிந்ததும் அடிமைகள் எசமானரின் வேலைக்கும் கூலிக்காரர்கள் கூலிக்கும் போயிருப்பார்கள்.

பண்டிகையின் தேதிக்கு வந்தால், 325-இல் கூடிய நிசேயா சங்கம் எல்லாரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று முடிவெடுத்தது. மார்ச் 21-இலோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்பது மேற்கத்திய சபைகளின் கணக்கு. ஆகவே மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் அமையும். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலானவை பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்துக் கணக்கிடுவதால் பல ஆண்டுகளில் நாள் மாறும். 2025-இல் இரண்டும் ஏப்ரல் 20-இல் சேர்ந்து வந்தன. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தவக்காலம் 40 நாள், உயிர்ப்புக் காலம் பெந்தெகொஸ்தே வரை 50 நாள். திருச்சபை துக்கத்தைவிட மகிழ்ச்சிக்குப் பத்து நாள் கூடுதலாக ஒதுக்கியிருக்கிறது. நடைமுறையில் 40 நாளைக் கவனமாகக் கடைப்பிடிக்கும் நாம், மீதி 50 நாளை ஒரே நாளில் முடித்துவிடுகிறோம். இது இழப்பு என்றே நினைக்கிறேன். மகிழ்வதற்கும் பழக்கம் வேண்டும்.

உடல் எழும்பும் என்று நம்பியவர்கள் உடல்களை எப்படி நடத்தினார்கள்? மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் ரோமப் பேரரசில் கொடிய கொள்ளைநோய் பரவியது. அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியு அப்போது எழுதிய பஸ்கா கடிதம், அதாவது ஈஸ்டர் கடிதம் ஒன்றைச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியு பாதுகாத்துத் தந்திருக்கிறார். கிறிஸ்தவர்கள் பலர் ஆபத்தைப் பாராமல் நோயாளிகளைப் பராமரித்ததையும், தாங்களும் நோய் தொற்றி இறந்ததையும், இறந்தவர்களின் கண்களை மூடிக் குளிப்பாட்டி அடக்கம் செய்ததையும் அவர் எழுதுகிறார். தன் மக்களைப் பற்றித் தானே எழுதியது, கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் இவற்றையெல்லாம் அவர் எழுதிவைத்தது ஒரு ஈஸ்டர் கடிதத்தில் என்பது என்னை உலுக்குகிறது. அடுத்த நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியு, ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும், யாரும் தொடத் தயங்கிய குஷ்டரோகிகளுக்கும் தனி இல்லங்களைக் கட்டினார். கடவுள் எழுப்பப்போகும் உடல் என்று நம்பினால், புண் வடிகிற உடலையும் கழுவிவிடக் கை நீளும். முதியவருக்குச் சோறு ஊட்டுவதும், படுத்தபடுக்கையாகக் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைப்பதும் ஒருவரும் பார்க்காத வேலைகள். முடிவில் அவர்கள் இறந்துபோகும்போது அத்தனையும் வீணாகிவிட்டது போலத் தோன்றும். உயிர்த்தெழுதல் மெய்யானால் அவற்றில் ஒன்றும் தொலைந்துபோவதில்லை.

உயிர்த்தெழுதல் இல்லையென்றால் என்ன செய்யலாம் என்பதையும் பவுல் ஒளிக்காமல் சொல்கிறார்: "புசிப்போம் குடிப்போம், நாளைக்குச் சாவோம்." அப்படி இருந்தால் அதுதான் நேர்மையான வாழ்க்கை என்பது அவர் கருத்து. அதன் பிறகே எக்காளம் தொனிக்கும், அழிவுள்ளது அழியாமையைத் தரித்துக்கொள்ளும், மரணமே உன் கூர் எங்கே என்று வார்த்தைகள் உயர்ந்துகொண்டே போகின்றன. உச்சியில் 'விருதாவாயிராது' என்ற அந்த 58-ஆம் வசனம்.

நம் வேதாகமத்தில் அங்கே அதிகாரம் முடிந்து 16 என்ற எண் வரும். அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தவை. பவுல் எழுதியபோது இடைவெளி எதுவும் கிடையாது. மரணத்தைப் பார்த்துச் சவால்விட்ட அதே கையோடு, எருசலேமில் வறுமையில் இருந்த விசுவாசிகளுக்குச் சேர்க்கும் தர்மப்பணத்தைப் பற்றி எழுதுகிறார். வாரத்தின் முதல்நாள்தோறும் அவரவர் தங்கள் வரவுக்குத் தக்கபடி கொஞ்சம் எடுத்துவையுங்கள், நான் வரும்போது அவசரமாக வசூல் பண்ண வேண்டியிருக்காது என்கிறார். பிறகு, மக்கெதோனியா வழியாக வருவதாகவும், முடிந்தால் குளிர்காலத்தை அவர்களோடு கழிக்க விரும்புவதாகவும் தன் பயணத்தைச் சொல்லத் தொடங்குகிறார்.